யாருப்பா பேசறது?

காரைக்காலுக்கு வடக்கே, பொறையாறு, தரங்கம்பாடி போகிற வழியில் வரிச்சிக்குடி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கங்களில் தமிழ்நாடு, நடுவே புதுச்சேரி அரசைச் சேர்ந்த சின்ன நிலத்துண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1739இல் அங்கே கால் வைத்தார்கள். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகும் காரைக்கால் வீடுகள் பலவற்றில் பிரான்ஸ் போகவில்லை. என் அத்தை வீடு அவற்றில் ஒன்று. மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் 'சொல்தா'வாக இருந்து பென்ஷன் வாங்கியவர், காலமாகி நெடுநாளாகிறது. ஒரே பிள்ளை பாரிஸில் இருக்கிறான். அத்தையும், ஒரு பசுமாடும், பிள்ளை வாங்கிக் கொடுத்த கைப்பேசியும் வரிச்சிக்குடியில் இருக்கிறார்கள்.

2021 மார்ச் மாதம் நான் அங்கே போயிருந்தேன். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 6ஆம் தேதி, தேர்தல். மத்தியானம் இலை போட்டுச் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தாள் அத்தை. மணி அடித்தது. எண்பது வயது என்பதை மறந்து, கரண்டியோடு கூடத்துக்கு ஓடினாள்.

"யாருப்பா பேசறது?"

மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது. கணீரென்ற குரல். வணக்கம் சொல்லி, உங்கள் வீட்டுப் பிள்ளை பேசுகிறேன் என்றது. அத்தைக்கு ஒரே சந்தோஷம். "நல்லா இருக்கியாப்பா? சாப்டியா? வெயில்ல அலையாதே" என்றாள். குரல் அதைக் காதில் வாங்காமல் சாலை வசதியைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் பேசிக்கொண்டே போய், சின்னத்தைச் சொல்லி, பட்டென்று நின்றது.

"என்ன அவசரமோ, வெச்சிட்டான்" என்றாள் அத்தை.

இதில் இன்னொரு வேடிக்கை. பேசியவர் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுத் தொகுதி ஒன்றில் நிற்கும் அபேட்சகர். அத்தைக்கு அங்கே வோட்டே கிடையாது. டெலிபோன் கணக்கில் காரைக்காலும் புதுச்சேரியும் தமிழ்நாட்டு வட்டத்துக்குள்தான் வருகின்றன. அரசியல் எல்லை வேறு, டெலிபோன் எல்லை வேறு என்று அந்த இயந்திரத்துக்கு யார் சொல்வது? நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, "எந்த மணி அடிச்சாலும் அவன்தானோன்னு நெனச்சுக்கிட்டு ஓடறேன் தம்பி" என்றாள். அவன் என்றால் பாரிஸ் பிள்ளை. நான் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

பதிவு செய்த ஒரே குரலை ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பும் இந்த வித்தை எப்போது தொடங்கியது, இதற்குச் சட்டம் ஏதாவது உண்டா என்று அன்றைக்கு எழுந்த கேள்வி என்னைப் பல நாள் விடவில்லை.

ஊருக்கெல்லாம் ஒரே சேதியைச் சொல்வது நமக்குப் புதிதல்ல. வரிச்சிக்குடியிலிருந்து கரையோடு வடக்கே போனால் பூம்புகார். மணிமேகலையின் முதல் காதையே ஓர் அறிவிப்புத்தான். வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, இருபத்தெட்டு நாள் இந்திர விழா வருகிறது என்று முரசறைவோன் நகருக்குச் சொல்கிறான். அவன் யார், எந்தக் குடியில் பிறந்தவன், எதற்காகச் சொல்கிறான் என்பதெல்லாம் கேட்பவர்களுக்குத் தெரியும்.

யானையும் வச்சிரக் கோட்டமும் போய், எங்கள் காலத்தில் தண்டோரா மிஞ்சியிருந்தது. சிறு பையனாக அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் கேட்டிருக்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் திறக்கப் போகிறார்கள், வரி கட்டக் கடைசி நாள் இன்னது என்று பறையைத் தட்டிச் சொல்லிக்கொண்டு போவார் ஒருவர். பாட்டி திண்ணையிலிருந்தே, "எந்த வாய்க்காலுன்னு சொன்னே?" என்று அதட்டுவாள். அவர் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவார். அந்தக் குரலுக்குக் காதும் இருந்தது. ஆனால் அந்தக் காலத்தை நினைத்து உருகிவிட வேண்டாம். ஊருக்கெல்லாம் சேதி சொன்ன அந்த மனிதரை ஊர் தன் வீட்டுத் திண்ணையில் ஏற்றவில்லை. இன்ன சாதிக்காரன்தான் பறையடிக்க வேண்டும் என்ற இழிவு அந்த ஓசைக்குள் இருந்தது. தமிழ்நாட்டில் 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு, அரசு அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடும் வழக்கத்தையே நிறுத்தச் சொன்னார். ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் போதும் என்றார். நல்ல காரியம். மனிதனுக்குப் பதில் இயந்திரம் பேசுவதில் இப்படியும் ஒரு நியாயம் உண்டு.

இனி டெலிபோனுக்கு வருவோம். பேசும் கம்பி 1876இலும், குரலைப் பிடித்துவைக்கும் எடிசனின் பெட்டி 1877இலும் பிறந்தவை. ஒரு வருஷ இடைவெளியில் பிறந்த இந்த இரண்டும் ஒன்றுசேர்ந்து ஊருக்கு உழைக்க ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. அதில் முக்கியமான அத்தியாயம் மாமா பென்ஷன் வாங்கிய தேசத்தில்தான் நடந்தது. பாரிஸ் வானாய்வுக்கூடத்தின் தலைவர் எர்னஸ்ட் எஸ்க்லாங்கோன் 1933 பிப்ரவரி 14ஆம் தேதி 'பேசும் கடிகாரம்' என்ற ஒன்றைத் தொடங்கினார். குறிப்பிட்ட எண்ணைச் சுழற்றினால், ரேடியோக்காரர் ஒருவர் முன்பே பதிவு செய்து வைத்த குரலில் சரியான மணி சொல்லும். முதல் நாள் 1,40,000 பேர் கூப்பிட்டார்கள். 20,000 பேருக்குத்தான் பதில் கிடைத்தது! அந்தக் கடிகாரம் 2022 ஜூலை 1ஆம் தேதிதான் வாய் மூடியது.

மாமா இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பாரிஸில் இருந்த நாட்களில், பேச ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், கையில் கடிகாரம் இருக்கும்போதே அந்த எண்ணைச் சுழற்றி மணி கேட்பாராம். "கேக்கறதுக்கு ஒரு மனுஷக் குரல் வேணுமில்ல?" என்பார்.

மாமா கேட்டதும் பதிவுக் குரல். அத்தை கேட்டதும் பதிவுக் குரல். பின் வித்தியாசம் என்ன? மாமா கூப்பிட்டார், குரல் வந்தது. அத்தை கூப்பிடவில்லை, குரல் வந்தது. இந்த விஷயத்தில் எழுந்த சட்டங்கள் எல்லாம் இந்த வித்தியாசத்தைச் சுற்றித்தான் எழுந்தன என்று படிக்கப் படிக்கத் தெரிந்துகொண்டேன்.

இயந்திரம் தானே எண்களைச் சுழற்றத் தொடங்கியதும் அமெரிக்காவில் ஜனங்கள் அலறினார்கள். கேட்பவர் கீழே வைத்த பிறகும் இயந்திரம் கம்பியை விடாது. ஆஸ்பத்திரிக்கோ போலீசுக்கோ கூப்பிட முடியாமல் தவிக்க வேண்டியதுதான். 1991 டிசம்பரில் சட்டம் வந்தது. பதிவுக் குரல் யார் பேசுவது என்று முதலில் சொல்ல வேண்டும். கேட்பவர் வைத்துவிட்டது தெரிந்ததும் 5 விநாடிக்குள் கம்பியை விட்டுவிட வேண்டும். ஆஸ்பத்திரி நோயாளி அறைகளையும் அவசர உதவி எண்களையும் தொடக்கூடாது. ஆபத்துக் காலத்து எச்சரிக்கைக்கு விலக்கு உண்டு.

நம் நாட்டில் இந்த வித்தையைப் பட்டிதொட்டிக்கெல்லாம் அறிமுகப்படுத்தியது 2004 நாடாளுமன்றத் தேர்தல். பிரதமர் வாஜ்பாயின் பதிவு செய்த குரல் வீடுகளைத் தேடிப் போயிற்று. பிரதமரே கூப்பிடுகிறார் என்று திகைத்தவர்கள் உண்டு. பதில் சொல்லிப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. குரல் போய்ச் சேர்ந்தது. வோட்டு திரும்பி வரவில்லை. அந்த மே மாதம் ஆட்சி மாறியது.

அடுத்த வருஷமே, கேளாத அழைப்புகளை எதிர்த்து ஒரு வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2007இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 'என்னைக் கூப்பிடாதே' என்று ஜனங்கள் பெயர் கொடுக்கும் பதிவேட்டைத் திறந்தது. 2010 விதிகள் இரவு 9 மணியிலிருந்து காலை 9 மணி வரை வியாபார அழைப்பு கூடாது என்றன. 2018 விதிகள் இன்னும் நுட்பமானவை. ஊருக்குக் குரல் அனுப்ப விரும்பும் கம்பெனி முதலில் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். யாராலும் பிறகு திருத்த முடியாத பேரேட்டில் அந்தக் கணக்கு ஏறும். விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும். கேட்பவர், மனிதர் பேசினால் சரி, பதிவுக் குரல் வேண்டாம் என்றுகூடப் பிரித்துச் சொல்லலாம். 1909 என்ற எண்ணில் புகார் செய்யலாம். 2025 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு புகார் செய்ய 7 நாள் அவகாசம் உண்டு. அதற்கு முன் 3 நாள்தான். பத்து நாளில் ஐந்து புகார் வந்தால், பதிவு செய்யாமல் அழைத்தவர்மேல் நடவடிக்கை. தேர்தல் குரல்களைத் தேர்தல் ஆணையம் கவனிக்கிறது. முன்கூட்டிக் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். செலவுக் கணக்கில் காட்ட வேண்டும். வோட்டுப் பதிவு முடியும் நேரத்துக்கு முந்தின 48 மணி நேரம் வாய் திறக்கக் கூடாது.

இத்தனை விதிகளையும் பிழிந்தால் மூன்று கேள்விகள்தான் மிஞ்சும். யார் பேசுவது? நான் கேட்டேனா? இது பேசுகிற வேளையா? மூன்றுக்கும் ஒழுங்கான பதில் உடையவன் லட்சம் பேரை அழைக்கலாம், சட்டம் தடுக்காது. முதல் கேள்வியை அத்தை எந்தச் சட்டமும் படிக்காமலே மணிக்கு மணி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிச் சொல்வதால் பதிவுக் குரலே பாவம் என்று ஆகிவிடாது. 2007 முதல் 'இஃப்கோ'வின் கிசான் சஞ்சார் நிறுவனம் விவசாயிகளின் கைப்பேசிக்குத் தினம் ஐந்து குரல் சேதிகளை இலவசமாக அனுப்பியது. மழை, விலை, பூச்சி மருந்து என்று ஒரு நிமிஷத்துக்குள் முடியும் சேதிகள். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் அது எட்டியது. சந்தேகம் இருந்தால் திரும்பக் கூப்பிட்டுக் கேட்க ஓர் எண்ணும் கொடுத்தார்கள். பாட்டி திண்ணையிலிருந்து அதட்டினாளே, அந்த வசதி!

கடற்கரைக்காரர்களுக்கோ இது உயிர் விஷயம். 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை கடல் ஏறி வந்தபோது காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அவர்களை முன்கூட்டி எந்த மணியும் எழுப்பவில்லை. அதே காலையில் புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்ற மீனவர் ஊரில் ஒரு மணி அடித்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பிள்ளை தொலைக்காட்சியில் சேதி பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூப்பிட்டான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் வைத்திருந்தது. கடல் நிலவரத்தை ஒலிபெருக்கியில் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. அந்தப் பிள்ளையே முன்பு அதில் தொண்டு செய்தவன். ஊரார் மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் ஓடச் சொன்னார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை. கூப்பிட்டது யாரென்று வீட்டுக்குத் தெரியும். சொன்னது யாரென்று ஊருக்குத் தெரியும். அதனால் யாரும் நின்று யோசிக்கவில்லை.

என் பயம் இதில்தான் இருக்கிறது. புலி வருகிறது, புலி வருகிறது என்று கத்திய பையன் கதை நமக்குத் தெரியும். தினம் ஐந்தாறு பொய் மணி அடிக்கும் வீட்டில், ஆறாவதாக வரும் புயல் மணியை யார் எடுப்பார்கள்? இப்போது குரலையே போலி செய்யும் இயந்திரமும் வந்துவிட்டது. 2024 ஜனவரியில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில், ஜனாதிபதி பைடனின் குரலைப் போல் செய்த ஒன்று வோட்டுப் போட வராதீர்கள் என்று ஜனங்களை அழைத்துச் சொன்னது. பிப்ரவரியில் அந்நாட்டு ஆணையம், இயந்திரம் புனைந்த குரலும் 1991 சட்டத்துக்குள் அடங்கும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நல்லவாட்டுக்கு வந்த அழைப்பை அப்படி ஒரு போலி முந்திக்கொண்டிருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன்; நினைக்க நன்றாக இல்லை.

வரிச்சிக்குடியை விட்டுக் கிளம்புமுன் அத்தையின் கைப்பேசியிலிருந்து 1909ஐக் கூப்பிட்டு, விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று பதிந்து வைத்தேன். அத்தைக்குக் கவலை. "எல்லாத்தையும் நிறுத்திப்புடாதே தம்பி. ஐப்பசி கார்த்திகையிலே புயல் சேதி வருமே?" என்றாள். சர்க்கார் சேதியை அது தடுக்காது என்று விளக்கினேன். பாரிஸ் பிள்ளையின் அழைப்பையும் தடுக்காது என்று இரண்டு முறை சொன்னேன்.

பத்து நாள் கழித்து அவளே என்னைக் கூப்பிட்டாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று எண்ணி எடுத்தேன்.

"என்னா தம்பி செஞ்சே? ரெண்டு நாளா ஒருத்தரும் கூப்பிடலியே!"

இதற்கு எந்த ஆணையத்திடம் புகார் செய்வது? பாரிஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை காலை வரிச்சிக்குடிக்கு நானும் கூப்பிடத் தொடங்கினேன். இன்றைக்கும் அவள் எடுத்ததும், "யாருப்பா பேசறது?" என்றுதான் கேட்கிறாள். பெயரைச் சொல்லி, பதிலுக்குக் காத்திருக்கிறேன்.