சேர்ந்தவரும் நிலைத்தவரும்: தக்கவைப்பு அளவீடு வளர்ந்த வரலாறு

1662இல் லண்டன் துணி வணிகர் ஜான் கிரான்ட், நகரின் இறப்புப் பதிவுகளை வைத்து ஒரு சிறு அட்டவணை வெளியிட்டார். பிறந்த 100 பேரில் 6 வயதில் உயிரோடிருப்போர் 64, 16 வயதில் 40, 26இல் 25, 76இல் ஒரே ஒருவர். எண்களில் பல ஊகம்தான். ஆனால் கேள்வி புதிது. நகரில் இன்று மொத்தம் எத்தனை பேர் என்பதை விட்டு, ஒன்றாகத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் மிச்சம் என்று அது கேட்டது. இன்றைய ஸ்டார்ட்அப் நிறுவனங்களின் தக்கவைப்பு வரைபடத்துக்கும் இதே வடிவம்தான். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பது என் வாதமல்ல. இக்கேள்வியை இணையத் தொழில் எவ்வளவு சுற்றிவந்து கண்டடைந்தது என்பதையே இங்கு ஆராய்கிறேன்.

வணிகத்தில் இது தெரியாத சங்கதி அல்ல. வாடிக்கையாளர் விலகலை 5% குறைத்தால் லாபம் 25% முதல் 85% வரை கூடும் என்று 1990இலேயே ரைக்கெல்டும் சாசரும் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’வில் எழுதினர். துறைக்குத் துறை மாறும் கணக்கு அது. பின்னால் வந்தவர்கள் அதை மந்திரம்போல் ஓதிவிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் எழுந்த இணைய நிறுவனங்களோ ‘ஹிட்’ எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டன. பத்துப் படங்கள் உள்ள ஒரு பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறந்தாலே 11 ஹிட் விழும்!

திருப்பம் ஐஎம்வியூ என்ற கலிபோர்னிய நிறுவனத்தில் தெளிவாகத் தெரிகிறது. 2004இல் தொடங்கிய இந்த அவதார் அரட்டைச் செயலியின் நிறுவனர்களுள் ஒருவர் எரிக் ரீஸ். நாளுக்கு 5 டாலருக்குக் கூகுள் விளம்பரம்; அதில் சுமார் 100 பேர் வந்தார்கள். தினமும் புதியவர்கள் வந்ததால் மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. ரீஸ் அதை ஒதுக்கிவிட்டு, அந்தந்த மாதம் சேர்ந்தவர்களைத் தனித்தனிக் குழுவாகப் பிரித்துப் பார்த்தார். உள்ளே நுழைந்தவர் எத்தனை, ஒருமுறையாவது அரட்டையடித்தவர் எத்தனை, பணம் கட்டியவர் எத்தனை? மென்பொருளை மாதாமாதம் மெருகேற்றியும் பணம் கட்டியோர் பங்கு ஏறக்குறைய 1 விழுக்காட்டிலேயே நின்றது. உழைப்பு வீண் என்பதை மொத்தக் கணக்கு மறைத்தது, குழுக் கணக்கு காட்டிக்கொடுத்தது. 2011இல் வந்த ‘தி லீன் ஸ்டார்ட்அப்’ நூலில் ரீஸ் முன்வைத்த ‘வெற்றுப் பெருமை அளவீடு’ என்ற கருத்துக்கு இந்த அனுபவம் உரமானது.

இதற்கிடையில் 2007இல் டேவ் மெக்லூர் ஐந்து படிகளை வகுத்தார்: ஈர்ப்பு, முதல் பயன், தக்கவைப்பு, பரிந்துரை, வருவாய். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் கடற்கொள்ளையரின் உறுமல் போல ஒலிக்கும் என்பதால் அது எளிதில் பரவியது. ஃபேஸ்புக்கின் வளர்ச்சிக் குழுவோ பத்து நாளில் ஏழு நண்பர்கள் என்ற ஒற்றை இலக்கைப் பிடித்துக்கொண்டது. இங்கே ஒரு ஐயம். ஏழு நண்பர் கிடைத்ததால் ஒருவர் தங்கினாரா, தங்கும் இயல்புள்ளவர் என்பதால் ஏழு நண்பரைத் தேடிக்கொண்டாரா? சோதித்துப் பார்க்காமல் இதற்கு விடை கிடையாது. அந்த இலக்கை நகலெடுத்த பலர் இதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

ஷான் எல்லிஸ் வேறு வழியில் போனார். ‘இது இல்லாமல் போனால் உங்களுக்கு எப்படி இருக்கும்?’ என்று பயனர்களிடமே கேட்டு, 40 விழுக்காட்டினராவது ‘மிகவும் ஏமாற்றமாக இருக்கும்’ என்றால் பொருள் நிலைக்கும் என்றார். சூப்பர்ஹியூமன் என்ற மின்னஞ்சல் நிறுவனம் இதைச் செய்தபோது கிடைத்தது 22%. பின்னர் அது 58% ஆனது. அந்த ஏற்றத்தில் சுமார் 10 புள்ளி, யாரைக் கணக்கில் சேர்ப்பது என்று வட்டத்தைச் சுருக்கியதால் வந்தது. குறுக்குவழி போலத் தோன்றினாலும், யாருக்காக உழைக்கிறோம் என்பதை அது தீர்மானித்தது. எனக்கு இதில் குறை தெரியவில்லை.

சந்தா மென்பொருள் நிறுவனங்கள் இப்போது ஆட்களை விட்டுப் பணத்தை எண்ணுகின்றன. கிரான்ட்டின் 100 குறையத்தான் முடியும். பணத் தக்கவைப்பு 100ஐத் தாண்டலாம், ஏனெனில் இருப்பவர்கள் கூடுதலாக வாங்குகிறார்கள். சென்னையில் 2010இல் தொடங்கி 2021இல் நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸும் இந்த எண்ணை முதலீட்டாளர்களுக்கு அறிவிக்கிறது. எந்த நிறுவனத்தின் அறிக்கையிலும் 100க்கு மேற்பட்ட தக்கவைப்பைக் கண்டால், விலகிய வாடிக்கையாளர் எத்தனை பேர் என்பதையும் தேடிப் பாருங்கள்.