வியன்னாவின் வளைமர நாற்காலி

முதுகைச் சாய்த்து அமரத்தக்க நாற்காலி என்பது ஐரோப்பாவில் நெடுங்காலம் பதவிக்கும் செல்வத்துக்கும் உரிய சின்னமாகவே விளங்கிற்று. அரண்மனையிலும் ஆலயத்திலும் நியாயஸ்தலத்திலும் அதற்கு இடமிருந்தது. உழைத்துக் களைத்தவனுக்கோ பெரும்பாலும் பெஞ்சியும் முக்காலியுமே வாய்த்தன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நிலை மாறி, சாமானிய மனிதனும் கடைத்தெருவில் ஒரு கோப்பைக் காப்பியின் விலைக்கு நல்லதொரு நாற்காலியில் அரை நாள் அமர்ந்து பத்திரிகை படிக்கலாம் என்றாயிற்று. இதற்குக் காரணமானவை பல. அவற்றுள் ஒன்று, ரைன் நதிக்கரையில் போப்பார்ட் என்னும் சிற்றூரில் பிறந்த ஒரு தச்சர் சுமார் முப்பது ஆண்டுகள் விடாமல் செய்த பிரயத்தனம் என்பதை நாம் போதிய அளவு நினைத்துப் பார்ப்பதில்லை.

அவர் பெயர் மிகாயேல் தோனெட். 1796-ல், தோல் பதனிடும் தொழில் செய்துவந்த குடும்பத்தில் பிறந்தவர். 1819-ல் சொந்தப் பட்டறை வைத்தார். அந்நாளில் வளைவான நாற்காலிக் கால் வேண்டுமானால் கனத்த பலகையிலிருந்து அந்த வளைவை அறுத்தெடுப்பதே வழக்கம். அவ்வாறு அறுக்கையில் பலகையின் பெரும்பகுதி வீணாவதோடு, மரத்தின் நார் ஓட்டமும் குறுக்கே வெட்டுண்டு, பார்வைக்கு அழகாயிருக்கும் கால் பாரம் தாங்காமல் முறியும். மரத்தை அறுத்து வளைவை உண்டாக்குவதைவிட மரத்தையே வளைத்துவிட்டால் என்ன என்று 1830-ஐ ஒட்டி அவருக்குத் தோன்றிய எண்ணமே பின்னால் வந்த அனைத்துக்கும் வித்து. மெல்லிய மரத்தகடுகளைக் கட்டாகச் சேர்த்து, காய்ச்சிய வஜ்ஜிரத்தில் வேகவைத்து, மர அச்சில் வளைத்து உலர்த்தினார். இதற்கு வஜ்ஜிரம் ஏராளமாக வேண்டியிருந்தபடியால் 1837-ல் வஜ்ஜிரம் காய்ச்சும் ஆலை ஒன்றையும் வாங்கினார்.

1841-ல் கோப்ளென்ஸ் நகரத்துக் கண்காட்சியில் இவருடைய வேலைப்பாட்டைக் கண்ட ஆஸ்திரிய மந்திரி மெட்டர்னிஹ், வியன்னாவுக்கு வரும்படி அழைத்தார். மறு வருஷம் அங்கே அவருடைய முறைக்கு அரசாங்க உரிமையும் கிடைத்தது. ஆனால் ஊரிலோ கடன்காரர்கள் சொத்தைப் பறிமுதல் செய்துவிட, மனைவி மக்களோடு வியன்னாவில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியவரானார். லீக்டென்ஸ்டைன் பிரபுக்களின் மாளிகையில் தரைப் பலகை வேலைகளிலும் நாற்காலி வேலைகளிலும் பிறர்க்குக் கீழ்ப்பட்டுச் சில வருஷங்கள் உழைத்தார். அம்மாளிகை நாற்காலிகள் மெலிந்த, நேர்த்தியான படைப்புகள்; ஆயினும் மாளிகைக்கு உள்ளேயே இருந்துவிடுபவை. அவருடைய வேலையை வீதிக்குக் கொண்டுவந்தது வியன்னாவின் காப்பிக் கடையே.

வியன்னாக் காப்பிக் கடை அந்நகரத்தாருக்கு இரண்டாவது வீடு. பளிங்கு மேஜை, மரச் சட்டத்தில் பொருத்திய பத்திரிகைகள், காப்பியோடு கூட வரும் ஒரு தம்ளர் தண்ணீர், எழுந்து போ என்று எவரும் சொல்லாத சுதந்திரம் ஆகிய இவையெல்லாம் சேர்ந்ததே அதன் சுகம். அத்தகைய கடைக்கு வேண்டிய நாற்காலி ஒரு கையால் தூக்கி நகர்த்தும்படி இலேசாக இருக்கவேண்டும். தினமும் பலர் அமர்ந்தும் சாய்ந்தும் இழுத்தும் அசையாத உறுதி வேண்டும். கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையும் வேண்டும். 1850-ஐ ஒட்டிக் காபே டாவும் என்ற கடைக்குத் தோனெட் செய்தளித்த நாற்காலிகள் இவற்றுள் முதல் இரண்டையும் நிறைவேற்றின. 1851-ல் லண்டன் மகா கண்காட்சியில் அவருக்கு வெண்கலப் பதக்கமும் கிடைத்தது. 1853-ல் தொழிலைத் தம் ஐந்து புதல்வர்களின் பெயருக்கு மாற்றினார்.

விலை குறையவும் சரக்கு கடல் கடக்கவும் தடையாக நின்றது அந்த வஜ்ஜிரமே. ஒட்டுத் தகடுகளால் ஆன நாற்காலிகள் தென் அமெரிக்கா போன்ற வெப்ப தேசங்களுக்குச் சென்றபோது ஈரக்காற்றில் பசை இளகித் தகடுகள் பிரிந்தன. ஆகவே பசையே இல்லாமல் முழு மரத்தையே வளைக்கும் உபாயத்தைத் தேடினார். பச்சைக் குச்சியை மடக்கிப் பார்த்த எவரும் அறிவர்: உட்புறம் நசுங்கினாலும் பொறுத்துக்கொள்ளும், வெளிப்புறமோ இழுபட்டுப் பிளந்துவிடும். ஆவியில் வெந்த மரம் அமுக்கத்துக்கு நன்றாக இணங்கும். இழுவைக்கு மட்டும் இணங்காது. தோனெட் கண்ட யுக்தி இதுதான்: வளைவின் வெளிப்புறமாக வரும் பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டையைப் பதித்து, கோலின் இரு முனைகளையும் அப்பட்டையோடு இறுகப் பிணைத்துவிட்டார். பட்டை நீளாது, அதனால் மரமும் நீள இயலாது, வளைக்கும் விசை முழுவதும் உள்ளே அமுக்கமாகவே மாறிவிடும். இத்தனை எளிய ஓர் இரும்புப் பட்டை ஒரு கைத்தொழிலின் தலையெழுத்தையே மாற்றிற்று என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1856-ல் இந்த முறைக்குப் பதின்மூன்று ஆண்டு உரிமை கிடைத்தது.

வேலை நடக்கும் விதத்தைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். பீச் மரத்தை நார் ஓட்டத்தின் வழியே கோல்களாக அறுத்து, கடைசலில் இட்டு உருட்டையாக்குவார்கள். பின்பு ஆவி நிறைந்த பெட்டியில் சில மணி நேரம் வேகவிடுவார்கள். வெளியே எடுத்த கணத்திலிருந்து கோல் ஆறிக்கொண்டே வருமாதலால் தாமதத்துக்கு இடமில்லை. இருவர் எதிரெதிராக நின்று, பட்டை பூட்டிய கோலை வார்ப்பிரும்பு அச்சைச் சுற்றி ஒரே மூச்சில் வளைத்துக் கவ்விகளால் இறுக்குவார்கள். அச்சோடு சேர்த்து அதைச் சூடான அறையில் நாட்கணக்காக உலர்த்திய பிறகு பிரித்தால், மரம் வளைந்தபடியே நின்றுவிடும். அப்புறம் தேய்ப்பு, சாயம், வார்னிஷ்.

இம்முறையின் பரிபூரணமான பலன் 1859-ல் வெளிவந்த 14-ஆம் எண் நாற்காலி. பின்கால் இரண்டும் முதுகின் மேல்வளைவும் ஒரே நீண்ட கோல்; அதற்குள் சிறியதொரு வளைவு; இருக்கை வட்டம்; அதன் கீழே கால்களைப் பிணைக்கும் வளையம்; முன்கால்கள் இரண்டு. பல மாறுதல்களுக்குப் பின் அது ஆறு மரத்துண்டுகளும் 10 திருகாணிகளும் 2 மரைகளும் கொண்டதாக அமைந்தது. கழுந்து வைத்து இணைத்து வஜ்ஜிரம் தடவும் வேலை ஒழிந்தது. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. நாற்காலியை அமர்பவரின் சௌகரியத்துக்காக மட்டுமன்றி, அது செல்லவேண்டிய கப்பலையும் ரயிலையும், சென்ற ஊரில் திருகு முடுக்கும் கையையும் மனத்தில் வைத்து உருவாக்கியதே இதன் மகத்துவம். அதன் அழகும் இங்கிருந்தே பிறந்தது: வேண்டாததை எல்லாம் நீக்கியபின் எஞ்சியது அந்த வளைவு ஒன்றே. 1930-க்குள் சுமார் 5 கோடி நாற்காலிகள் விற்றன என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு.

இப்பெருக்கத்துக்குப் பட்டறை போதாது. மொரேவியாவில், பீச் காடுகள் சூழ்ந்த கோரிட்சானி கிராமத்தில் முதல் தொழிற்சாலை எழுந்தது. 1861-ல் பிஸ்ட்ரிட்சா என்ற ஊரில் மற்றொன்று. மரம் அருகில் கிடைத்ததும் கூலி மலிந்திருந்ததும் இவ்விடங்களைத் தேர்ந்ததற்குக் காரணங்கள். தேர்ந்த தச்சனின் முழு வித்தையும் சிறு சிறு வேலைகளாகப் பிரிக்கப்பட்டு, கிராமத்து உழவர் குடும்பங்களின் கைக்கு வந்தது. இருக்கையின் பிரம்பு முடைதல் பெரும்பாலும் பெண்களின் பங்கு. கீழை நாட்டுக் காடுகளில் வெட்டிய பிரம்பைக் கீற்றுக் கீற்றாக எண்கோணக் கண்கள் விழும்படி அவர்கள் முடைந்து தந்தார்கள். நகரத்தார் ஓய்ந்து அமர்ந்த இருக்கைக்குப் பின்னே குறைந்த கூலிக்கு ஓயாது உழைத்த இந்தக் கைகள் இருந்தன. அவர்கள் பெயரைச் சரித்திரம் ஏட்டில் குறிக்காமல் விட்டது பெருங்குறை என்றே நான் கருதுகிறேன்.

1860-ல் ஆடும் நாற்காலியும் வந்தது. ஓய்வுக்கென்றே பிறந்த அது, சுருண்டோடும் கொடி போன்ற வளைவுகளால் ஆனது. வளைமர வித்தையின் சக்தி முழுவதையும் காட்டுவது.

தோனெட்டின் உரிமைக்காலம் 1869-ல் முடிந்தது. அவர் 1871-ல் காலமானார். உரிமை நீங்கியதும் கோன் ஸ்தாபனத்தார் முதலான போட்டியாளர்கள் கிளம்பினார்கள். 1899-ல் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் வியன்னாவில் அமைத்த காபே மியூசியம் கடைக்கு நாற்காலி செய்தது கோன் ஸ்தாபனமே. 1925-ல் பாரிஸில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே தம் மாதிரி இல்லத்தில் புதிய நாகரிகத்துக்கு ஏற்ற ஆசனமாக வளைமர நாற்காலிகளையே வைத்தார். நம் நாட்டில் பம்பாய் இரானி ஹோட்டல்களின் பளிங்கு மேஜைகளைச் சுற்றியுள்ள கருநிற நாற்காலிகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் மொரேவியத் தொழிற்சாலைகள் செக்கோஸ்லோவாக்கிய அரசின் உடைமையாயின. குடும்பத்தார் தொழிலை ஜெர்மனியின் ஃபிராங்கன்பெர்க்கில் தொடர்ந்தார்கள்; அங்கே 14-ஆம் எண் நாற்காலி இன்று 214 என்ற எண்ணோடு விற்பனையாகிறது. பிஸ்ட்ரிட்சாவிலும் தொழில் நிற்கவில்லை. ஆவிப் பெட்டியிலிருந்து வரும் பீச் கோலை இரும்புப் பட்டை பூட்டி அச்சில் வளைக்கும் வேலையை அங்கே இன்னும் மனிதர்கள் கையாலேயே செய்கிறார்கள்.