மருந்து ரூம்

'மருந்து' என்றால் நமக்கெல்லாம் மாத்திரை, டானிக். விருதுநகர் மாவட்டத்துத் தாயில்பட்டியில் அதற்கு அர்த்தமே வேறு. 'அவர் மருந்து ரூம்ல இருக்கார்' என்றால் பட்டாசுக் கலவை போடுகிறார் என்று பொருள். உடம்பைக் காக்கவும் ஒரே சொல், சிதைக்கவும் அதே சொல்!

உடம்பு நல்லா இருந்தா மனசு தானா நிம்மதியாயிடும் என்பார்கள். அது அவ்வளவு சுலபமா? பதில் தேட, தீப்பெட்டியின் கதைக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

லண்டன், 1888. பிரயன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலை. குச்சி முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ். அதன் ஆவி தாடை எலும்பையே அரித்துவிடும். முதலில் பல்வலி, பிறகு வீக்கம், சீழ், கடைசியில் மரணம். வேலை செய்த மேஜையிலேயே சாப்பாடு. ரொட்டியோடு விஷமும் உள்ளே போனது. பேசினால் அபராதம், தாமதித்தால் அபராதம்.

இதையெல்லாம் பத்திரிகையில் போட்டு உடைத்தார் ஒரு பெண்மணி. ஜூலையில் சுமார் 1,400 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். ஜெயித்தும் காட்டினார்கள். கிடைத்தது என்ன தெரியுமா? அபராதம் ரத்து. சாப்பிடத் தனி இடம். பாஸ்பரஸ் மட்டும் போகவில்லை! அங்கே அது நின்றது 1901-ல்தான். நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடும் உரிமை முதலில் வந்தது. உடம்புக்கான நியாயம் 13 வருடம் கழித்து வந்தது.

அந்தப் பெண்மணி யார்? நம்ம அடையாறு அன்னி பெசன்ட்! அவர் இந்தியா வந்தது 1893-ல்.

இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடுக்கும் சட்டம் 1913-ல் வந்தது. அதற்குப் பிறகுதான் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து தீப்பெட்டி போட்டார்கள். தாடை அழுகும் கொடுமை சிவகாசிக்கு வரவில்லை. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. அதோடு வேறொன்றும் வந்தது. பயம்.

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டி ஆலையில் வெடி விபத்து. முப்பதுக்கும் மேற்பட்டோர் பலி. என்ன ஆச்சோ என்று ஓடிப் போனவர்களும் அதில் உண்டு. சுற்றுவட்டாரத்தில் எங்கே 'டமார்' என்று கேட்டாலும், வீட்டில் இருப்பவர்கள் முதலில் செய்வது, வேலைக்குப் போனவருக்கு போன் போடுவதுதான். அவர் எடுக்கும்வரை அடுப்பில் இருப்பது தீய்ந்தாலும் தெரியாது.

அந்த வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, சர்க்கரை இல்லை. உடம்பு கல்லு மாதிரி. ஆனால் நிம்மதி?

நோயில்லாமல் இருப்பது மட்டுமே ஆரோக்கியம் ஆகாது. உடல், மனம், சமூக வாழ்வு மூன்றும் நலமாயிருக்க வேண்டும் என்று 1946-லேயே எழுதிவைத்தது உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம். தாயில்பட்டிப் பக்கம் அதை இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாயங்காலம் வேலைக்குப் போனவர் செருப்பைக் கழற்றும் சத்தம் வாசலில் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.