34-ஆவது விதி

அமெரிக்காவுல வீட்டுத் தரகருக்கு லைசென்ஸ் கட்டாயம்னு கலிஃபோர்னியா 1917-ல சட்டம் போட்டது. கோர்ட்டு செல்லாதுன்னு சொல்ல, 1919-ல திரும்பவும் போட்டாங்க. பொய் சொல்லி வித்தா, கட்டின பணத்தை அமுக்கினா, லைசென்ஸ் போயிடும். சரியான சட்டம்தான்.

ஆனா தரகர்களோட தேசிய சங்கம் தனியா ஒரு நெறிமுறை வச்சிருந்தது. 1924-ல அதுல வந்த 34-ஆவது விதியை நான் ரெண்டு தடவை படிச்சேன். எந்த இனத்தார், எந்த நாட்டார் குடிவந்தா ஒரு ஏரியாவோட சொத்து மதிப்பு குறையுமோ, அவங்க உள்ள வர்றதுக்குத் தரகர் காரணமா இருக்கக்கூடாதாம். அதாவது, வெள்ளைக்காரங்க தெருவுல ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு நியாயமா வீடு வித்துக் கொடுத்தவர்தான் ஒழுங்கு மீறினவர்! சங்கத்தை விட்டே தூக்கலாம். வெளிய போனா ‘ரியல்டர்’னு போர்டு மாட்ட முடியாது, அந்தப் பேரு சங்கத்துக்குச் சொந்தம். கறுப்பினத் தரகர்களை உள்ளயே விடல. அவங்க 1947-ல தனிச் சங்கம் ஆரம்பிச்சு, ‘ரியல்டிஸ்ட்’னு தங்களுக்குப் பேரு வச்சுக்கிட்டாங்க.

இன ஒதுக்கல் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாதுன்னு 1948-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. 1950-ல நெறிமுறையிலிருந்து ‘இனம்’ங்கிற வார்த்தையை எடுத்தாங்க. வார்த்தையை மட்டும்தான். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரே வாரத்துல, 1968 ஏப்ரல்ல, வீட்டுவசதிப் பாகுபாட்டைத் தடுக்கிற சட்டம் வந்தப்பவும் சங்கம் எதிர்ப்பக்கம்தான் நின்னது.

2020 நவம்பர்ல சங்கத் தலைவர் மன்னிப்பு கேட்டார். 1924-லேர்ந்து எண்ணினா 96 வருஷம்.