நத்தார் நாளில் பிறந்த பலகை



இந்த விடுமுறையில் உங்களில் பலர் ஸ்னோபோர்ட் செய்யப் போவீர்கள். இன்னும் சிலர் போகலாமா என்று வீட்டில் கேட்டு, "உதெல்லாம் எங்களுக்குச் சரிவராது" என்ற பதிலோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பீர்கள். இரண்டு பகுதியினருக்கும் உதவக்கூடிய ஒரு வரலாறு இருக்கிறது. இந்த விளையாட்டு வளர்ந்து வந்த பாதையைப் பின்னோக்கிப் போனால், அது ஒரு திகதியில் போய் நிற்கும்: 1965 டிசம்பர் 25. இடம், ஒரு குடும்பத்தின் வீட்டுப் பின்வளவு.

பிள்ளைகளை வெளியே கூட்டிப் போன தகப்பன்

அமெரிக்காவில், மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் மஸ்கீகன் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஷேர்மன் பொப்பன் என்ற பொறியியலாளர் அங்கே வாழ்ந்தார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மனைவி நான்சி அப்போது கர்ப்பிணி. நத்தார் அன்று வீட்டுக்குள் பிள்ளைகளின் சத்தம் தாங்காமல், அவர்களைக் கொஞ்சம் வெளியே கூட்டிப் போகும்படி நான்சி கணவரிடம் சொன்னார். எங்கள் வீடுகளிலும் இதே வசனம் கேட்கும், இல்லையா?

வீட்டுக்குப் பின்னால் இருந்த மணல்மேட்டைப் பனி மூடியிருந்தது. மூத்த மகள் சறுக்கு வண்டியில் இருந்து போகாமல், அதன்மேல் எழும்பி நின்றபடி சரிவில் இறங்கினாள். அதைப் பார்த்த பொப்பனுக்கு, கடல் அலையில் பலகைமேல் நின்று போகிறவர்களின் நினைவு வந்தது. பிள்ளைகளின் ஸ்கீக் கட்டைகள் இரண்டை எடுத்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறுக்கே சிறு கட்டைகள் போட்டு, திருகாணியால் இறுக்கினார். அவ்வளவுதான். ஸ்னோ, சேர்ஃபர் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து "ஸ்னேர்ஃபர்" என்று அதற்குப் பெயர் வைத்தவர் நான்சி.

அயல்வீட்டுப் பிள்ளைகளும் அதைக் கேட்டார்கள். அடுத்த ஆண்டே, போலிங் விளையாட்டுப் பொருட்களுக்குப் பெயர்போன பிரன்ஸ்விக் நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. காலைப் பூட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. முன்நுனியில் ஒரு கயிறு மட்டும். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, விழாமல் நிற்கப் பார்க்க வேண்டும். அந்தப் பலகை இலட்சக்கணக்கில் விற்றது. 1968 இலிருந்து மஸ்கீகனில் அதற்கென்றே போட்டிகளும் நடந்தன.

பொப்பனுக்கு முன்பு ஒருவரும் பலகையில் நின்று சறுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. துருக்கியில் கருங்கடலை அண்டிய மலைகளில், பெத்ரான் என்ற கிராமத்து மக்கள் தலைமுறைகளாக ஒரு மரப்பலகையில் நின்று, முன்னால் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி, மற்றக் கையில் ஒரு தடியோடு சரிவுகளில் இறங்கி வந்திருக்கிறார்கள். 1963 இல் நியூ ஜேர்சியில் ரொம் சிம்ஸ் என்ற பாடசாலை மாணவன், தச்சு வகுப்பில் தனக்கென்று ஒரு பனிப்பலகை செய்தான். பிற்காலத்தில் அவர் பெயரில் ஒரு பெரிய ஸ்னோபோர்ட் நிறுவனமே வந்தது. ஆனால் கடைகளுக்குப் போய், ஊர் ஊராகப் பரவிய முதல் பலகை அந்த நத்தார் நாளில் பிறந்ததுதான்.

ஏன் மஸ்கீகன்?

பெரிய மலை இல்லாத ஊரில் ஒரு மலை விளையாட்டு எப்படிப் பிறந்தது? இதற்குப் பதில் ஏரியில் இருக்கிறது. குளிர்காலத் தொடக்கத்தில் ஏரி நீர் இன்னும் இளஞ்சூட்டோடு இருக்கும். வடமேற்கிலிருந்து வரும் உறைகுளிர்க் காற்று அதன்மேல் கடந்து போகும்போது ஈரத்தை அள்ளிக்கொள்ளும். கரையைத் தொட்டதும் அதைப் பனியாகக் கொட்டிவிடும். அதனால்தான் ஏரியின் கிழக்குக் கரை ஊர்களில் அவ்வளவு சினோ.

ரொறன்ரோவிலிருந்து கார் ஓட்டிப் போனால் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் வரும் கொலிங்வூட் பக்கத்திலும் இதுதான் கதை. அங்கே ஈரத்தைக் கொடுப்பது ஜோர்ஜியன் குடா. நாங்கள் காசு கட்டிச் சறுக்குவது அந்தத் தண்ணீரின் மேல்தான் என்று அடுத்தமுறை போகும்போது நினைத்துப் பாருங்கள்.

"உங்களுக்கு இங்கே இடமில்லை"

1977 இல் ஜேக் பேர்ட்டன் என்ற இளைஞர் வேர்மொண்ட் மாநிலத்தின் லண்டன்டெரியில் பலகை செய்யத் தொடங்கினார். பதின்ம வயதில் ஸ்னேர்ஃபரில் விளையாடிப் பழகியவர் அவர். இரவில் மதுச்சாலையில் வேலை செய்தபடி, பலகைக்குப் பின் பலகையாகச் செய்து பார்த்தார். அவர் செய்த பெரிய மாற்றம், காலைப் பலகையோடு பிடித்துவைக்கும் பட்டி. 1979 இல் அந்தப் பலகையோடு மஸ்கீகன் போட்டிக்குப் போனார். இது ஸ்னேர்ஃபரே இல்லை என்று மற்றவர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் அவருக்காக ஒரு தனிப் பிரிவு உருவாக்கப்பட்டது. அதில் போட்டியிட்டவர் அவர் ஒருவர்தான். வென்றவரும் அவர்தான்!

அதைவிடப் பெரிய மறுப்பு ஸ்கீ மலைகளில் காத்திருந்தது. 1980களின் நடுப்பகுதி வரை வட அமெரிக்காவின் பெரும்பாலான ஸ்கீ மலைகள் ஸ்னோபோர்ட்காரரை உள்ளே விடவில்லை. காப்புறுதிப் பிரச்சினை என்றார்கள், ஆபத்து என்றார்கள். உடுப்பும் பிடிக்கவில்லை, பாட்டும் பிடிக்கவில்லை. வேர்மொண்டின் ஸ்ட்ராட்டன் மலை 1983 இல் கதவைத் திறந்தது. மற்றவை மெதுமெதுவாகத் தொடர்ந்தன. 1998 இல் ஜப்பானின் நகானோவில் ஸ்னோபோர்ட் ஒலிம்பிக்குக்கு வந்தது. அதன் முதல் தங்கத்தை வென்றவர் ரொஸ் ரெபலியாட்டி என்ற கனடியர். கஞ்சாப் பரிசோதனை காரணமாகப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தப் பொருள் அப்போது தடைப்பட்டியலில் இல்லை என்பதால் சில நாட்களில் திருப்பிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் யூட்டாவில் அல்ட்டா, டியர் வலி, வேர்மொண்டில் மாட் ரிவர் கிளென் ஆகிய மூன்று இடங்களில் ஸ்னோபோர்ட்டுக்கு அனுமதி இல்லை.

இந்தப் பகுதியை வாசிக்கும்போது எனக்கு அப்பாவின் தலைமுறை நினைவுக்கு வரும். அவர்களை ஒரு மலையில் யாரும் தடுக்கவில்லை. மலைப்பக்கம் போகவே அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.

மரமும் ஒரு அகதிக் கதைதான்

நத்தார் மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவின் முதல் நத்தார் மரம் 1781 இல், கியூபெக்கின் சொரெல் என்ற ஊரில் வைக்கப்பட்டது என்று சொல்வார்கள். வைத்தது ரீடெசல் என்ற ஜேர்மன் குடும்பம். அமெரிக்கப் புரட்சிப் போரில் பிரித்தானியருக்காகப் போரிட வந்த ஜெனரல் அவர். 1777 இல் சரட்டோகாவில் தோற்று, மனைவி, சிறு பெண் பிள்ளைகளோடு ஆண்டுக்கணக்கில் கைதியாக ஊர் ஊராக அலைக்கப்பட்டார். விடுதலையாகிக் கனடா வந்து சேர்ந்த முதல் நத்தாருக்கு, தங்கள் ஊர் வழக்கப்படி ஒரு மரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து மெழுகுதிரி ஏற்றினார்கள்.

நியூயோர்க்கில் பிறந்த மகளுக்கு அவர்கள் வைத்த பெயர் "அமெரிக்கா". 1782 இல் இங்கே பிறந்த மகளுக்கு "கனடா". அந்தக் குழந்தை கனடா சில மாதங்களிலேயே இறந்துபோய், இந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அவர் ஒரு பிரபு, பெரிய பதவியில் இருந்தவர். எங்கள் ஆட்களின் நிலைமை வேறு. ஆனாலும் போர், அலைச்சல், பழக்கமில்லாத பனி, கையில் பிள்ளைகள், மனதில் ஊர் வழக்கம் என்ற வரிசை எனக்கு நன்றாகத் தெரிந்த வரிசை. இன்று கனடாவின் கடைகளெங்கும் நிற்கும் அந்த மரம், புதிதாக வந்த ஒரு குடும்பம் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த பழக்கம்.

எங்கள் வீட்டு நத்தார்

அம்மாவின் ஊர் இளவாலை. கத்தோலிக்கக் குடும்பம். ஸ்காபரோவில் எங்கள் நத்தார் ஒக்டோபரிலேயே தொடங்கிவிடும். முந்திரிகை வற்றல், கஜு, இஞ்சிப் பாகு, பூசணித் தோசி எல்லாம் குறுணியாக வெட்டிப் பிராந்தியில் ஊறும். ரவை போட்டுச் செய்கிற அந்த றிச் கேக்கைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றுவது பிள்ளைகளின் வேலை. பாலன் குடிலுக்கு வைக்கோல் அடுக்குவது அம்மம்மாவின் வேலை. 24 ஆம் திகதி சாமப் பூசை. 25 ஆம் திகதி மாமா, சித்தி குடும்பங்கள் எல்லாரும் எங்கள் வீட்டில்.

அப்பா சைவம். 1988 இல் வந்தவர். அவருடைய முதல் குளிர்காலம் விடியற்காலை 5 மணி பஸ்ஸும், தொழிற்சாலையும், நனைந்த சப்பாத்தும். சினோ என்றால் அவருக்கு சவல்தான். "காசு குடுத்துக் குளிருக்க போற சனம் நீங்கள்தான்" என்று இப்போதும் சிரிப்பார். ஆனால் அண்ணா வேலைக் காசில் ஒரு பழைய ஸ்னோபோர்ட் வாங்கி வந்தபோது, அதைக் கராஜுக்குள் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் அப்பாதான். பலகையின் அடிப்பக்கம் நுண்துளைகள் உள்ள பிளாஸ்ரிக். சூட்டோடு மெழுகு தேய்த்தால் உறிஞ்சிக்கொள்ளும், பிறகு வழுக்கிப் போகும். அம்மாவின் பழைய ஸ்திரிக்கைப் பெட்டியை எடுத்து அப்பா அதைச் செய்யப் பழகினார். இப்போது எங்கள் மூன்று பலகைகளுக்கும் அவர்தான் மெழுகு போடுகிறார். அவர் பலகையில் ஏறியதே இல்லை.

போன வருடம் அண்ணா ஒரு யோசனை சொன்னார். 24 ஆம் திகதியே போய் மலையடியில் அறை எடுத்து, மூன்று நாள் நின்றால் என்ன? அம்மா கேக் வெட்டிய கத்தியை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் மேலே போய்விட்டார். அம்மம்மாதான் கதைத்தார்: "போங்கோ ராசா. நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனா எனக்கு இன்னும் எத்தனை நத்தார் எண்டு ஆருக்குத் தெரியும்?"

அவருக்கு வயது 84. ஒருவருக்கும் பதில் வரவில்லை.

இரண்டு நாட்கள் கழித்து நாங்களே ஒரு முடிவுக்கு வந்தோம். 24 உம் 25 உம் வீட்டுக்கு. 26 விடிய 6 மணிக்கு மலைக்கு. தாளில் சுற்றிய கேக் துண்டுகள் ஜக்கெற் பொக்கெற்றில். மேலே போகும் செயர் லிஃப்டில் இருந்து குளிரில் இறுகிப்போன அந்தக் கேக்கைக் கடித்தால், அதற்கு ஈடு வேறு ஒன்றும் இல்லை. அப்பா கீழே தேநீர்ப் போத்தலோடு இருப்பார்.

வழக்கம் எங்கே தொடங்குகிறது?

குளோயி கிம்மை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கலிபோர்னியாவில், கொரியாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். அவருடைய அப்பா 1982 இல் அமெரிக்கா வந்தவர். 4 வயதில் குளோயியைப் பலகையில் ஏற்றினார். பிறகு பொறியியலாளர் வேலையை விட்டுவிட்டு, நடுச்சாமத்துக்குப் பின் மகளைக் காரில் படுக்கவைத்து மணிக்கணக்காக ஓட்டி, மமத் மலைக்குக் கூட்டிப் போனார். 2018 இல், 17 வயதில், பெற்றோர் பிறந்த கொரியாவிலேயே குளோயி ஒலிம்பிக் தங்கம் வென்றார். பாட்டியும் வந்து பார்த்தார். பனி யாருடைய சொத்து என்று இனி யாராவது உங்களிடம் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பொப்பன் 2019 யூலையிலும், பேர்ட்டன் அதே ஆண்டு நவம்பரிலும் காலமானார்கள். அவர்கள் தொடங்கியது நிற்கவில்லை. ஆனால் பனி நிலையாக இல்லை. குளிர்காலம் சூடேறி வருகிறது. நத்தாருக்கு மலை திறக்குமா என்பது இப்போது தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்துப் பீய்ச்சும் இயந்திரங்களின் கையில் இருக்கிறது. அவற்றுக்கும் உறைநிலைக்குக் கீழே குளிர் வேண்டும். அம்மம்மாவைப் போலவே மலையும் எத்தனை நத்தாருக்கு என்று சொல்ல முடியாத நிலை.

அதனால்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மறுக்கிறேன். பழைய வழக்கம் என்று நாங்கள் நினைக்கும் ஒவ்வொன்றும், ஒரு நாள் யாரோ ஒரு தாயோ தகப்பனோ கையில் இருந்ததை வைத்துத் தங்கள் பிள்ளைகளுக்குச் செய்ததுதான். சொரெலில் அது ஒரு மரம். மஸ்கீகனில் இரண்டு ஸ்கீக் கட்டைகள். எங்கள் கராஜில் ஒரு ஸ்திரிக்கைப் பெட்டி.

இந்த நத்தாருக்கு உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மலைக்குப் போகும் வழியில், காரில் பாட்டைக் கொஞ்சம் நிற்பாட்டிவிட்டு, உங்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ அவர்கள் முதன்முதல் சினோவைக் கண்ட நாளைப் பற்றிக் கேளுங்கள். எந்த ஊர், என்ன வேலை, காலில் என்ன சப்பாத்து என்று எல்லாம் கேளுங்கள். திரும்பி வந்ததும் எழுதி வையுங்கள். ஹெல்மெற்றையும் மறக்காதீர்கள்.

நத்தார் வாழ்த்துகள்!