அடிமையும் தொழுகையும்: மாதோட்டக் கரையில் இஸ்லாமிய வணக்கம்

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீஸ்வரச் சிவத்தலத்தைத் தன்னகத்தே கொண்ட, இலங்கை மன்னார்க் கரையின் மாதோட்டம், தலத்தின் மகிமையால் மாத்திரமன்றித் துறைமுகத்தின் கீர்த்தியாலும் பண்டு விளங்கியதென்பதற்கு, 1980களின் முற்பகுதியில் ஜான் கார்ஸ்வெல் நடத்திய அகழ்வாய்வில் சீனக் கலங்களோடு வெளிப்பட்ட மேற்காசிய மெருகிட்ட மட்கலங்களே சாட்சியாம். அக்கலங்களை ஏற்றிவந்த வணிகர் சரக்கோடு தம் வணக்கமுறையையும் உடன் கொணர்ந்தனர். பத்தாம் நூற்றாண்டில் ‘அஜாயிபுல் ஹிந்த்’ என்னும் நூலைத் தொகுத்த புசுர்க் இப்னு ஷஹ்ரியார், சரந்தீபமாகிய இலங்கைத் தீவார் நபிகளாரின் செய்தியை அறிந்துவர ஒரு தூதனை அனுப்பினரென்றும், அவன் திரும்பும் வழியில் மக்ரான் பக்கத்தில் மாண்டானாக, உடன்சென்ற ஏவலாளன் மட்டுமே ஊர்மீண்டு, ஒட்டுப்போட்ட ஆடை உடுத்துப் பள்ளிவாசலிலே இராக்கழிக்கும் கலீபா உமரின் எளிமையை எடுத்துரைத்தானென்றும் கூறுகிறார். கதையாகவே இருப்பினும், கொள்கை விளக்கத்தை விட அதற்கேற்ற வாழ்வே இத்தீவாரின் மனத்தைத் தொட்டதென்று அரபுக் கடலோடிகள் நினைவுகூர்ந்தது கருதத்தக்கது.

இஸ்லாத்தில் வணக்கத்தைக் குறிக்கும் ‘இபாதத்’ என்ற பதம், அடிமையைக் குறிக்கும் ‘அப்து’ என்பதனோடு ஒரே வேரிற் பிறந்தது. ஆகையால் தொழுகை, நோன்பு, ஸக்காத்து, ஹஜ்ஜு என்பவற்றோடு, நேர்மையான வாணிகமும் இல்லறமும்கூட, இறைவனுக்கு அடிமைப்பட்ட நிய்யத்தோடு, அதாவது உள்ளத்து எண்ணத்தோடு, இயற்றப்படின் இபாதத்தே ஆகும். இக்கருத்து தமிழர்க்கு முற்றிலும் அந்நியமாய்த் தோன்றியிராது என்பது என் துணிபு. திருவெண்ணெய்நல்லூரில் அடிமையென எழுதிய ஆளோலை காட்டிச் சிவனால் தடுத்தாட்கொள்ளப்பட்ட சுந்தரர் பாடிய தலமன்றோ கேதீச்சரம்! தத்துவத்தில் இரு சமயங்களும் வேறுவேறு. ஆயினும் ‘அடியான்’ என்ற சொல்லின் சுவையை அறிந்த செவிகள் இங்கே முன்னரே இருந்தன.

சொற்களின் வரலாறும் இதற்கு அரண் செய்கிறது. வடஇந்திய முஸ்லிம்கள் பாரசீகத்தின் ‘நமாஸை’ ஏற்க, தமிழ் முஸ்லிம்களோ ‘ஸலாத்’திற்குத் ‘தொழுகை’யையும், ‘ஸவ்மு’க்கு ‘நோன்பை’யும் வைத்துக்கொண்டனர்; சமண பௌத்த முனிவரின் உறைவிடத்தைச் சுட்டிய ‘பள்ளி’ அவர்களிடம் பள்ளிவாசலாயிற்று. அழைப்பொலிக்கு மட்டும் ‘பாங்கு’ என்ற பாரசீகச் சொல் நிலைத்தது.

தொழுகைக்கு முன் தூய்மை செய்யும் ஒளுவுக்கான நீரும் கடலோரத்தார்க்கு ஒரு வினாவாயிற்று. ‘நன்னீர் சிறிதே கொண்டு கடலிற் செல்கிறோம். அதில் ஒளுச் செய்தால் தாகத்தால் வருந்துவோம். கடல்நீர் ஆகுமா?’ என்று ஒருவர் வினவ, கடல்நீர் தூய்மை செய்யவல்லதே என்று நபிகளார் விடையளித்ததாக ஹதீஸ் உண்டு. மன்னார்க் குடாவில் தோணி செலுத்துவோன் ஒருவன், விளிம்பிற் குந்தி உப்புநீரை அள்ளி, முகம் கழுவி, முழங்கைவரை கரம் நனைத்து, ஈரக்கையால் தலை தடவி, கணுக்கால்வரை பாதம் கழுவி, மேற்கே சற்று வடக்குச் சாய்ந்த கிப்லாவாகிய மக்காத் திசையை நோக்கித் தக்பீர் கட்டும்போது, அந்தப் பழைய விடையின்மேலேயே அவன் நிற்கிறான்.

இத்தகைய வணக்க விதிகளைத் தமிழிற் சொல்லும் முயற்சியில், 1572இல் வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிரமசலா’ வினாவிடைச் செய்யுளாய்த் தோன்றியது. குடாவின் அக்கரையாகிய கீழக்கரையில் வாழ்ந்து இலங்கையிலும் தொண்டாற்றிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபெழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் இயற்றிய ‘மகானி’யோ, ஷாபிஈ மத்ஹபாகிய சட்டநெறியின் விதிகளைச் சாமானியரும் அறியச் செய்தது. அரபியில் ஓதி, ஓதுவதன் விதியைத் தாய்மொழியிற் கற்ற இவ்வேற்பாடே இக்கரையின் வணக்கத்திற்கு வேரூன்றும் வலிமை தந்ததென்று கொள்ளலாம்.

அவ்வேர் பெயர்க்கப்பட்ட காலமும் வந்தது. 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி முதலிய மன்னார் ஊர்களின் மக்கள் வீடும் பள்ளிவாசலும் துறந்து, பெரும்பாலோர் தோணிகளிற் கற்பிட்டிக் கரை சேர்ந்து, புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் ஒதுங்கினர். பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளது என்னும் நபிமொழியை அவர்கள் சிறுவயதிலேயே ஓதியிருந்தனர். 2009இல் உள்நாட்டுப் போர் ஓய்ந்தபின் மீண்டு வந்தோர் சிலர். மற்றையோர் இன்றும் புத்தளத்து மண்ணிலேயே நெற்றி பதிக்கின்றனர்.