உரிமமும் உறுதியும்: பணிசெயல் முறைமைகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

குருக்கள்மடம் முதலிய எழுவான்கரை ஊர்களிலே குடியிருந்து, வாவிக்கு அப்பால் படுவான்கரையிலே வயல்செய்வோர், குத்தகைக்கும் உறுதிக்கும் உள்ள வேறுபாட்டை நன்கறிவர். குத்தகை மலிவாயிருக்கலாம், ஆயின் அடுத்த போகத்தில் அந்நிலம் யார் கையில் இருக்கும் என்பதைக் குத்தகைக்காரன் தீர்மானிப்பதில்லை. வணிக நிறுவனமொன்று தன் கணனிச் சேவையகத்துக்குரிய பணிசெயல் முறைமையைத் தெரிவுசெய்யும்போது எழுவதும் இத்தகைய வினாவேயாகும். விலையினும் உரிமத்தின் நிபந்தனையே முதன்மையானது என்பதை வரலாற்றுவழி காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யுனிக்ஸ் முறைமை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே தோன்றியது. அதன் உரிமையாளரான ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம், தொலைத்தொடர்பு தவிர்ந்த வணிகங்களில் இறங்குவதை 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற இணக்கத் தீர்ப்பொன்று தடுத்திருந்தது. இதனாற் பல்கலைக்கழகங்கள் யுனிக்ஸைச் சிறு கட்டணத்துக்கு, மூலநிரலுடன் பெற்றன. 1984இல் அந்நிறுவனம் பிரிக்கப்பட்டதும் தடை நீங்கிற்று. யுனிக்ஸ் முழு வணிகப் பண்டமாயிற்று. மென்பொருள் அதுவே, அதனைப் பெறுதற்குரிய நிபந்தனையே மாறியது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இம்மூடிய போக்குக்கு எதிராக ரிச்சர்ட் ஸ்ரோல்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989இல் வெளிவந்த அதன் பொது உரிமம், மென்பொருளைப் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் எவருக்கும் இடமளித்தது. திருத்தியதைப் பிறருக்கு வழங்குவோர் மூலநிரலையும் அதே நிபந்தனையில் வழங்குதல் வேண்டும் என்றும் விதித்தது. லினஸ் டோவால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ், 1992இல் இவ்வுரிமத்தின்கீழ் வந்தது. மறுபுறத்தில், மைக்ரோசொவ்ற் நிறுவனம் 1993இல் விண்டோஸ் என்.ரி.யை வெளியிட்டது. அதன் வழிவந்த 2016ஆம் ஆண்டுச் சேவையகப் பதிப்பில், செயலிக் கருக்களின் எண்ணிக்கையே கட்டணத்துக்கு அளவாயிற்று. சேவையகமொன்றுக்குக் குறைந்தது 16 கருக்களுக்கு உரிமம் பெறவேண்டும். பயனர்களுக்கான அணுகல் உரிமம் இதற்குப் புறம்பானது. எனவே, வலிமைமிக்க இயந்திரத்தை வாங்குவோன் மென்பொருளுக்கும் கூடுதலாகக் கொடுக்கவேண்டியவனானான்.

திறந்த உரிமத்தின் பயனுக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மட்டக்களப்புக் கரை உட்பட இலங்கையின் கரையோரங்களை அழித்தபோது, இந்நாட்டு மென்பொருள் வல்லுநர் சகானா என்னும் அனர்த்த முகாமைத்துவ முறைமையைத் திறந்த மூல மென்பொருள்களைக் கொண்டு உருவாக்கினர். 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2006இற் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. உரிமம் கேட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை எவருக்கும் ஏற்படவில்லை.

ஆயினும் திறந்த உரிமம் தொடர்ச்சியான பராமரிப்புக்கு உத்தரவாதமாகாது. சென்ட்ஓஎஸ் 8 பதிப்புக்கான ஆதரவு 2021 இறுதியுடன் முடிவுறும் என 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோது, 2029 வரை அதனை நம்பியிருந்த நிறுவனங்கள் தடுமாறின. எனினும் மூலநிரல் பொதுவாயிருந்தமையால், 2021இலேயே அல்மாலினக்ஸ், ரொக்கி லினக்ஸ் என்பன அவ்விடத்தை நிரப்பின. காவலன் விலகினும் நிலம் எஞ்சியது.

பயிற்சிபெற்ற பணியாளர் இல்லாத நிறுவனம், ஆதரவுச் சேவையுடன் கூடிய கட்டண உரிமத்தைப் பெறுதல் தவறாகாது. ஆனால் ஒப்பமிடுமுன், உரிமம் எதனை அளவாகக் கொள்கிறது, ஆதரவு எவ்வாண்டு முடிவுறும், வழங்குநர் விலகினால் எஞ்சுவது யாது என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும். வயலைக் குத்தகைக்கு எடுப்போன் வினவாது விடாதவற்றை, வணிகன் மட்டும் வினவாது விடலாமோ?